இட்லி வண்டிக்கு வந்த புளி வரி

இதை எழுதலாமா என்று இரண்டு வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் அரசாங்க வரியைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள். எழுதியதற்கே இன்னொரு நோட்டீஸ் வந்தாலும் வரும். கடைசியில் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு இட்லித் தள்ளுவண்டி. முதலாளி, தொழிலாளி, பாத்திரம் கழுவுகிற ஆள் எல்லாம் நானும் என் வீட்டுக்காரியும்தான். போனில் காசு போடுகிறவர்களுக்காக ஒரு ஸ்கேன் அட்டை ஒட்டியிருந்தோம்.

கல்வராயன் மலையிலிருந்து புளி கொண்டுவருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி முதலில் எங்களிடம்தான் சாப்பிடுவார்கள். ஒரு வருஷம் அவர்களிடம் புளி வாங்குகிற மண்டிக்காரர், "இனிமே ரொக்கம் கிடையாது, போன்லதான்" என்றுவிட்டார். மலையில் சிக்னல் வேண்டுமென்றால் பாறைமேல் ஏற வேண்டும். பாதிப் பேரிடம் போனே இல்லை. அதனால் மண்டிக்காரர் என் அட்டையில் போடுவார், நான் ஏடிஎம்மில் எடுத்து அவர்களிடம் கொடுப்பேன். அதில் ஒரு பைசா தொட்டதில்லை. சாமி கும்பிடுகிற கை.

மூன்று புளி சீசன் இப்படியே போனது. பிறகு வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. அட்டையில் வந்த காசையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பதிவு செய்யாமல் பெரிய வியாபாரம் செய்கிறேனாம். அவர்கள் எழுதியிருந்த அளவுக்கு என் இட்லி விற்றிருந்தால் கள்ளக்குறிச்சியில் எந்த வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்காது. சின்னத் தொழில்காரர்களும் வரி கட்டினால்தான் நாடு முன்னேறும் என்று டிவியில் கேட்டிருக்கிறேன். அந்த முன்னேற்றம் என் சட்னிப் பாத்திரத்திலிருந்து தொடங்கும் என்று தெரியாது. எண்ணெய்க்கும் சோப்புக்கும் நான் கட்டுகிற வரி யார் கணக்கில் போகிறதோ. கேட்ட தொகைக்கு வண்டியையே விற்றாலும் பத்தாது.

வரி ஆபீசில் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "ஒங்க காசு இல்லன்னா யார் காசு? பேரு, அட்ரஸ் எழுதிக் குடுங்க."

எழுதினால் அடுத்த நோட்டீஸ் மலை ஏறும். வெறும் பேப்பரோடு திரும்பினேன்.

"அம்மன் பேர எழுதிக் குடு," என்றாள் வீட்டுக்காரி. "அவளுக்கும் உண்டியல்ல ஜாஸ்திதான் வருது."

சங்கதி புளிக்காரப் பெண் ஒருத்தியின் காதுக்கு எட்டியது. அடுத்த தடவை மலையிறங்கி வந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு, மூட்டையோடு நேராக ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"எங்க புளிக்காசுக்கு இவர இன்னாத்துக்குங்க புடிச்சிக்கினு கீறீங்க? எம் பேர எழுதிக்கோங்க. நான் எங்க ஓடிடப் போறேன், மலைலதான் கெடக்கறேன்."

அதிகாரி மூட்டையிலிருந்து ஒரு சுளை எடுத்து வாயில் போட்டார்.

"நல்ல புளியாத்தாம்மா கீது. வூட்டுக்கு ரெண்டு கிலோ குடு." போனை எடுத்தார். "நம்பர் சொல்லு."

"எனக்கேதுங்க நம்பரு? அண்ணன் நம்பர்லயே போடுங்க."

போட்டார். என் சட்டைப்பையில் போன் மணி அடித்தது. அதிகாரி தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசைக்காரர் மெதுவாக, "சார், இதுவும் இவரு வருமானத்துலதான் ஏறும்," என்றார். புளிக்காரி மட்டும் சிரித்தாள்.

அந்தக் காசு புளிக்குத்தான் என்று காட்ட, மண்டிக்காரரிடம் எடைச் சீட்டு வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்த பிறகு நோட்டீசை முடித்துவைத்தார்கள். இனி அடுத்தவர் காசு என் அட்டையில் வரக்கூடாது என்றும் எழுதி வாங்கினார்கள். இப்போது மண்டிக்காரர் ரொக்கமே கொடுக்கிறார், ரொக்கம் கொடுக்கிற சிரமத்துக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு. இவ்வளவு பாடுபட்டும் அரசாங்கத்துக்கு வந்தது ஒன்றுமில்லை. வரி வசூலித்தவர் மண்டிக்காரர் ஒருவர்தான்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அதிகாரியைக் கெட்டவராக்க வேண்டாம், கிளம்பும்போது எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். அந்தப் பெண் வருவதற்கு முன்பு, பேர்களை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நான் இரண்டு முறை பேனாவைத் திறந்தேன்.