முப்பத்தோராம் நம்பருக்கு ஓர் இரங்கல்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கட்டிய அந்த உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பேரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். நம் ஆளுக்கு முப்பத்தொன்று. இப்போது எழுபத்திரண்டு வயது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். பழைய மாணவர்களுக்கு இன்றைக்கும் அவர் முப்பத்தொன்றுதான்.

பரீட்சையில் அவருக்குப் பக்கத்து இடம் முப்பதுக்கு. கடைசி வருஷப் பரீட்சையில் இரண்டு பேர் விடைத்தாளும் ஒரே அச்சாக இருந்தன, அடித்தல் திருத்தல் உட்பட. "யாரைப் பார்த்து யார் எழுதினது?" என்று தலைமை ஆசிரியர் உறுமியதும் முப்பது சட்டென்று இவரைக் கைகாட்டிவிட்டார். இவருக்குப் பயத்தில் நாக்கு எழவில்லை. எழுதியவர் வெளியே போனார், பார்த்து எழுதியவர் பாஸாகி, படிப்படியாக ஏறி ஜட்ஜ் ஆனார். ஊர் வழக்கையெல்லாம் தீர்த்த மனிதர் இந்த ஒரு வழக்கை மட்டும் ஐம்பத்து நாலு வருஷமாகத் தொடவே இல்லை.

கெட்ட பேர் இவரோடு கூடவே வந்தது. பெண் கேட்கப் போன இடத்திலும் அதுதான் பேச்சு. "கண்ணாடி தேய்க்கிறதுல காப்பியடிக்க என்ன இருக்கு?" என்று மாமனார் பெருந்தன்மையாகப் பெண்ணைக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையை இவரால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

பழைய மாணவர் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்துக்கு ஒரு வருஷம்கூடத் தவறாமல் போவார்.

"முப்பது வாயைத் திறந்து, 'நான்தான் பார்த்து எழுதினேன்'னு நாலு பேர் முன்னால சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு" என்பார் மனைவியிடம்.

"கல்லுல நார் உரிக்கப் போறீங்க. போயிட்டு வாங்க" என்பார் அவர்.

இந்த வருஷம் அழைப்புக் கடிதம் வரவில்லை. வராவிட்டால் என்ன, தேதி தெரியாதா? கிளம்பினார். வழியில் ஒரு வாடிக்கையாளர் கண்ணாடிக்குத் திருகாணி போடச் சொல்லிப் பிடித்துக்கொண்டதில் அரை மணி தாமதம். கூட்ட அறை வாசலை எட்டும்போது உள்ளே அவர் நம்பர் காதில் விழுந்தது. இறந்தவர்கள் பட்டியலில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் ஒன்றுமில்லை. அவர் தெருவில் கதவு எண்களை மாற்றிவிட்டார்கள், கடிதம் திரும்பிவிட்டது. கடிதம் திரும்பினால் ஆள் திரும்பமாட்டார் என்பது அந்த வயதுக்காரர்கள் சங்கத்தின் அனுபவம்.

எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். பிறகு ஜட்ஜ் மைக்குக்கு வந்தார்.

"முப்பத்தொண்ணு நல்ல மனுஷன். இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னிக்கு அவன் என்னைப் பார்த்து எழுதல. நான்தான் அவனைப் பார்த்து எழுதினேன். அவன் இருக்கும்போது சொல்ல எனக்குத் தைரியம் வரல."

வாசலில் நின்றவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இந்த நாளுக்கென்று ஐம்பத்து நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட வரவில்லை, அழுகைதான் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன்மேல் தப்பில்லை.

கதவோரம் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த சங்கத்துக் குமாஸ்தா தற்செயலாக நிமிர்ந்து பார்த்து வெலவெலத்துப் போனார்.

"ஐயா... நீங்களா?"

"நான்தான்."

"பெரிய தப்பு நடந்துபோச்சுங்க. இப்பவே பட்டியல்லேர்ந்து உங்களை அடிச்சிடறேன்."

"அவசரப்படாதீங்க. அவர் பேசினதை எழுதிட்டீங்களா?"

"ஒரு வார்த்தை விடலைங்க."

"கொண்டுபோய் அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் செத்தே இருக்கேன்."

ஜட்ஜ் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டார். அதைக் கண்ணாலே பார்த்த பிறகுதான் முப்பத்தொன்று உள்ளே நடந்தார். ஜட்ஜ் கையிலிருந்த பேனா நழுவியது.

"டேய்... உனக்கு உயிர் இருக்கா?"

"இப்பத்தான்டா வந்துச்சு" என்றார் முப்பத்தொன்று.