ஷிப்ட் மாறும் நேரம்

டப்பா அக்காவிடம் யாராவது பழைய கதையைக் கேட்டுவிட்டால் போதும், கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். பிஸ்கட் கம்பெனியில் தலை நரைக்கிற வரைக்கும் தகர டப்பாக்களில் பிஸ்கட் அடுக்கியவள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருப்பாள்.

"நாங்க குடித்தனம் பண்ணதே கம்பெனி கேட்டுக்கு முன்னாடிதான்" என்று ஆரம்பிப்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். உண்மையைச் சொல்லும்போது என்ன சிரிப்பு?

அவள் புருஷன் அதே கம்பெனியில் அடுப்புக்காரர். மாவுத் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளுவதும், பதம் பார்த்து வெளியே இழுப்பதும் அவர் வேலை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் பகல் ஷிப்டில்தான் இருந்தார்கள். மகள் பிறந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அவரே சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டு ராத்திரி ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். "குழந்தை நடக்கிற வரைக்கும்தான்" என்றார். குழந்தை நடந்தது, ஓடியது, பள்ளிக்கூடத்துக்கும் போனது. அவர் மட்டும் ராத்திரியிலேயே தங்கிவிட்டார்.

காலையில் சங்கு ஊதியதும் ராத்திரி ஆட்கள் வெளியே வருவார்கள். பகல் ஆட்கள் உள்ளே போக இன்னொரு சங்கு ஊத வேண்டும். நடுவில் பத்து நிமிஷம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குழாயை ஒட்டி அவர்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை, ஆனால் மற்றவர்கள் அங்கே நிற்கமாட்டார்கள். அவள் இடுப்பிலிருந்து குழந்தை அவர் தோளுக்கு மாறும். வீட்டுச் சாவி கை மாறும்.

"பால் மூடி வச்சிருக்கேன். இவளுக்கு மூக்கு ஒழுகுது, தலைக்குத் தண்ணி ஊத்திடாதீங்க."

"சரி. வீட்டுக்காரர் வாடகைக்கு வந்தாரா?"

"வந்தாரு, கத்தினாரு, போயிட்டாரு."

இப்படித்தான் ஓடும் பேச்சு. சாயங்காலம் இதே நாடகம் ஆள் மாறி நடக்கும். அவர் குழந்தையோடு வருவார், அவள் வெளியே வந்து வாங்கிக்கொள்வாள். அவள் லீவு நாளில் அவர் தூங்குவார். அவர் லீவு நாளில் ஓவர்டைம் இருக்கும். வீட்டில் ஒரே கட்டில். அதில் அவர் எழுந்தால் அவள், அவள் எழுந்தால் அவர். "எங்க கட்டில் ஒரு நாளும் சூடு ஆறினதில்ல" என்பாள். மகள் சின்ன வயசில் ஒரு நாள், "அப்பாவுக்கு ராத்திரி வீடு கிடையாதாம்மா?" என்று கேட்டாள். பேக்கிங் செக்‌ஷனே அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தது.

வீட்டு விஷயம் போக, அந்தப் பத்து நிமிஷத்தில் கொஞ்சம் மிஞ்சும். அதற்காக டப்பா அக்கா நாள் பூரா ஒரு நல்ல விஷயத்தைத் தேடிப் பிடித்துப் பத்திரமாக வைத்திருப்பாள். சூப்பர்வைசர் வழுக்கைத் தலையில் சர்க்கரைப் பாகு சொட்டியது, பக்கத்து மேஜைக்காரி தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே டப்பாவுக்குள் தன் வளையலைப் போட்டு மூடியது, இப்படி ஏதாவது. சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். ராத்திரி முழுக்க அடுப்பில் வெந்து, கண் சிவந்து, புருவத்தில் மாவு ஒட்டி நிற்கிற மனுஷன், சிரித்தால் கல்யாணத்தன்று பார்த்த ஆள் மாதிரி ஆகிவிடுவார். அந்தச் சிரிப்போடு உள்ளே போனால் சாயங்காலம் வரை அவளுக்கு அலுப்பே தெரியாது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு ஆசையாய் இருக்கும்.

மகளுக்குப் பதின்மூன்று வயசாகும்போது ஒரு நாள் சூப்பர்வைசர் காலிப் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று தொண்டையைச் செருமினார். புதிதாகக் கரண்ட் அடுப்பு வரப்போகிறது, இரண்டு ஷிப்டு வேலையை அது பகலிலேயே முடித்துவிடும், அடுத்த மாதத்திலிருந்து ராத்திரி ஷிப்ட் கிடையாது என்றார். ராத்திரி ஆட்களில் பாதிப் பேருக்குத்தான் பகலில் இடம். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தெரியும் வரை எல்லாரும் சூப்பர்வைசரையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அடுப்புக்காரருக்கு இடம் கிடைத்தது.

"கொடுத்து வச்சவ அக்கா நீ! இனிமே ஜோடியா வரலாம், ஜோடியா போகலாம்" என்று பெண்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். அவளுக்கும் தலைகால் புரியவில்லை. புதுப் போர்வை ஒன்று வாங்கினாள். ஒரு சின்னத் தலையணையும் வாங்கினாள்.

வந்தது பாருங்கள் வினை. முதல் நாள் வேலை முடிந்து வெளியே வந்தவள், பழக்கதோஷத்தில் குழாயடியில் போய் நின்று அவருக்காகக் காத்திருந்தாள். அவரோ பழக்கதோஷத்தில் யாரையும் பார்க்காமல் நேராக வீட்டுக்கு நடந்துவிட்டார். சாவி அவளிடம். அவர் பூட்டிய கதவுக்கு வெளியே, அவள் திறந்த கேட்டுக்கு வெளியே. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

இதற்குச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. அத்தனை வருஷம் பகலில் தூங்கியவருக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு அடுக்களையில் ஏனங்களை இடம் மாற்றி அடுக்கினார். காலையில் டீத்தூளைத் தேடி அவள் வீட்டையே புரட்டுவாள். அவள் போடும் டீ அவருக்குத் தண்ணியாக இருந்தது, அவர் போடும் டீ அவளுக்குக் கசந்தது. இத்தனை நாள் ஒருவர் போட்டதை இன்னொருவர் ஆறிப்போன பிறகு குடித்ததால் அந்த வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை. முன்பெல்லாம் சண்டை போட நேரமில்லை. இப்போது நேரம் நிறையக் கிடந்தது.

எல்லாவற்றையும்விட அவளை வாட்டியது வேறு. அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் தடுக்கி விழுந்தால் அவரும் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார். சேர்த்து வைக்க எதுவுமில்லாமல் இரண்டு பேரும் பேசாமல் வேலைக்கு நடந்தார்கள், பேசாமல் திரும்பினார்கள். கேட்டருகே சிரித்த ஆளை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டு, இந்த உம்மணாமூஞ்சியை அனுப்பிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அவருக்கும் அவளைப் பற்றி அப்படித்தான் தோன்றியிருக்கும்.

கொஞ்ச நாளில் அவர் ஒரு வேலை பார்த்துக்கொண்டு வந்தார். ஊருக்கு மறுகோடியில் ஒரு ஐஸ் கம்பெனி. ராத்திரிக்கு ஆள் வேண்டுமாம்.

"போகட்டுமா?" என்றார்.

"உங்க இஷ்டம்" என்றாள். மனசுக்குள் ஒரு நிம்மதி வந்ததை அவள் மறைக்கவில்லை, அவரும் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை வருவதாக அவர் அங்கே சொல்லிவிட்டு வந்தார்.

இதுவரைக்கும் உள்ள கதையை டப்பா அக்கா எல்லாருக்கும் சொல்லுவாள். இனிமேல் உள்ளதை ரொம்ப வேண்டியவர்களுக்கு மட்டும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். ஐஸ் கம்பெனியில் குளிருமே என்று அவருடைய பழைய ஸ்வெட்டரின் முழங்கையை டப்பா அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல்தான் கேட்டாள்.

"ராத்திரி பூரா தனியா அந்த அடுப்புகிட்ட என்னதான் பண்ணுவீங்க?"

"காலையில உங்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிப்பேன். பத்து விஷயம் சேரும். ரெண்டு சொல்றதுக்குள்ள சங்கு ஊதிடும்."

"மீதி எட்டு?"

"உள்ளேயே கிடக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தானும் அதே மாதிரி சேர்த்துவைத்தவள்தானே! "அதுல ஒண்ணை இப்போ எடுத்து விடுங்க, கேப்போம்" என்றாள்.

அவர் வேடிக்கையாக ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தாள்.

"ரெண்டாவது கலைஞ்சுதே, அன்னைக்கு" என்றார்.

ஊசி விரலில் ஏறியது. மகளுக்கு ஐந்து வயசாகும்போது அவள் வயிற்றில் இன்னொன்று தங்கி, நாலாம் மாதம் கலைந்துபோனது. வேலையில் இருக்கும்போதே வலி வந்து, கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சாயங்காலம் நேரே கேட்டுக்குத்தான் வந்தாள், அவர் மகளோடு அங்கே நிற்பாரே. "கலைஞ்சிடுச்சுங்க" என்றாள். "சரி, நீ போய்ப் படு" என்றார் அவர். சங்கு ஊதியது. சாவியையும் பிள்ளையையும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த 'சரி'யை அவள் எட்டு வருஷமாக மன்னிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

"உள்ளே போய்த் தட்டைத் தள்ளினேன். அவ்வளவுதான் ஞாபகம். அடுப்பு முன்னாடி உக்காந்து அழுதுட்டே இருந்திருக்கேன். மொத்தத் தட்டும் கரி. புகையைப் பாத்துட்டு ஆளுங்க ஓடி வந்தாங்க. கண்ணு ஏன் இப்படி இருக்குன்னாங்க. புகைன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"காலையில வந்தேன், நீ தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசு வரல. நீ எழுந்தப்போ நான் தூங்கிட்டேன். அப்புறம் நீ வேலைக்கு வந்த அன்னைக்குக் கேட்டுக்கு வெளியில பாத்தோம். பால் திரிஞ்சுபோச்சுன்னு சொன்னே. சரி, மறக்கப் பாக்குறா, நாம கிளறக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

"நான் மறக்கப் பாக்கலைங்க. நீங்க கேப்பீங்களான்னு பாத்தேன்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அவரும் அழுதார். சங்கு எதுவும் ஊதவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தைத் தங்கம் என்று நினைத்திருந்தாளே, அது தங்கம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவாள். ஆனால் அதில் அடங்குகிறதை மட்டும் பேசிவிட்டு, அடங்காத பெரிய துக்கத்தை ஆளுக்குப் பாதியாக ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஐஸ் கம்பெனிக்குப் போகாதீங்க" என்றாள்.

"நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேனே."

"வரலைன்னு சொல்லிடுங்க. நீங்க அங்க போய் ராத்திரி பூரா இன்னும் சேர்த்து வைப்பீங்க. எனக்கு வேண்டாம். டீ கசந்தாலும் பரவாயில்ல, வீட்டுல இருங்க."

அவர் சம்மதமாகத் தலையை ஆட்டினார். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். அப்பாவும் அம்மாவும் பகல் வேளையில் தரையில் உட்கார்ந்து ஒன்றாக அழுவதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா? யாராவது செத்துட்டாங்களா?"

டப்பா அக்கா புருஷனைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றார் அவர். "வா, இப்படி உக்காரு. உன் கூடப் பிறந்திருக்க வேண்டியது."