பங்குக் கிணற்றின் காவல்காரி

வாளியின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, கழுத்துச் சிலுவையோடு ஒரே கயிற்றில் தொங்கும் உப்பு மீற்றரைத் தண்ணீரில் அமிழ்த்துகிறார் யசிந்தா. இலக்கம் நின்றதும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்க் கதைக்கிறார். அச்சுவேலியில் நாலு குடும்பங்கள் பங்கு வைத்திருக்கும் இந்தக் கிணற்றை நம்பித்தான் அவர்களின் வெங்காயம் நிற்கிறது. தண்ணீரில் எவ்வளவு உப்பு, மழை வருமா, யாருடைய முறை, எவ்வளவு நேரம் இறைக்கலாம் எல்லாம் வட்ஸ்அப்பில் அவர் குரலாகவே நாலு வீட்டுக்கும் போகும். எழுதி அனுப்பும் பழக்கமில்லை. "எழுதினா ஆர் வாசிக்கினம்? என்ரை குரலைக் கேட்டாத்தான் பயம் வரும்."

முன்னர் அவரும் மீற்றரை நம்பாதவர்தான். இங்கே ஒருவருடைய கிணற்றைக் குறை சொல்வதும் பிள்ளையைக் குறை சொல்வதும் ஒன்று. நல்லூரில் இருந்து வந்த தங்கச்சி றோஸ், தேத்தண்ணி கரிக்கிறது என்று முகத்தைச் சுளித்ததற்கு, யசிந்தா அவளோடு மாதக்கணக்கில் கதைக்கவில்லை. அந்தப் போகம் வெங்காயத் தாள் நுனி கருகி, காய் கொட்டைப்பாக்கு அளவில் நின்றுவிட்டது. மழை பொய்த்த வருடத்தில் விடாமல் இறைத்ததால் அடியில் கிடந்த உவர் மேலே ஏறியிருக்கிறது. நாலு வீட்டில் ஒரு நாக்குக்கும் அது தெரியவில்லை. "நாக்குப் பொய் சொல்லும். பிறந்த நாள் துவக்கம் குடிச்ச தண்ணியெல்லே." மீற்றரை வாங்கிய கையோடு தங்கச்சிக்கும் போன் எடுத்தார்.

மழை வருமென்று போன் காட்டி, வெயில் கொளுத்தினால், பேய்க்காட்டிப்போட்டுது என்று போனை வாய்க்கு வந்தபடி திட்டுவார். பிறகு, நேற்றுச் சொன்னது பிழை என்று நாலு வீட்டுக்கும் அதே குரலில் சொல்லுவார். போன கோடையில் சுற்றிவரக் கிணறுகள் உவரேறியபோது இது தப்பியது. மருதனார்மடம் சந்தையில் கடகத்தை இறக்கிவைத்து, எங்கடை கிணத்து வெங்காயம் என்று அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அந்தப் பெருமை அவருக்குத் தகும்.

உப்பு எல்லையைத் தாண்டினால் மோட்டர் நிற்க வேண்டும் என்பது நாலு வீடும் பேசி வைத்த கட்டுப்பாடு. பங்குக்காரரில் மூத்தவரான கனிசியஸின் முறையில் ஒருநாள் அப்படி நிறுத்தவேண்டி வந்தது. மனுசன் முறுமுறுத்துக்கொண்டே நிறுத்தினார். "உன்ரை முறை வரேக்கை பாப்பம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இந்தக் கோடையில் அது வந்தது. யசிந்தாவின் வெங்காயம் காய் பருக்கும் நேரம். இப்போது தண்ணீர் தவறினால் போகமே கையை விட்டுப் போகலாம். பாதித் தோட்டம் நனைந்தபோது மீற்றர் எல்லையைத் தாண்டிவிட்டது. கிட்டடியில் மழை இல்லையென்று போன் சொன்னது. பார்த்துப் போக வந்த கனிசியஸ் காய்ந்த பாத்திகளைப் பார்த்தார். அவருக்கே மனம் கேட்கவில்லை.

"இறைச்சு முடி பிள்ளை. நான் ஒருத்தருக்கும் சொல்லன்."

யசிந்தா மோட்டரை நிறுத்தினார். வாய்க்காலில் வந்த தண்ணீர் பாதி வழியில் மண்ணுக்குள் இறங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்தார். "இண்டைக்கு என்ரை முறை. நிப்பாட்டிப்போட்டன். கிணறு ஆறட்டும்."

பிறகு குனிந்து, மோட்டரின் பியூசைக் கழற்றி, கனிசியஸின் சேட்டுப் பைக்குள் போட்டார்.