கீபோர்டுக்கு வைத்த சந்தனம்

தொண்ணூறுகளின் நடுவில் என் கைகள் தோளிலிருந்து எழும்பாது. தசை நோய். விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கும். மயிலாப்பூர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பாதி எழுத்துக்குத்தான் விரல் எட்டும். மிச்சத்துக்கு, "அம்மா, அந்தப் பக்கம்" என்பேன். வீட்டைவிட்டு எங்கும் போகாமல், பக்கத்து நாற்காலியிலிருந்து அம்மா என் கையைத் தூக்கி நகர்த்தி வைப்பாள். ஒரு வரிக்குள் இப்படி எத்தனை தடவை! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தி.நகரில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர், விஜயதசமி சாயங்காலத்துக்குள் பத்துப் பக்கம் அடித்துக் கொடுத்தால் வீட்டிலிருந்தே வேலை என்றார். அண்ணன், கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு முழுக்க அலைந்து, ஆயுதபூஜையன்று காலையில் ஒரு குட்டி கீபோர்டோடு வந்தான். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. கையை நடுவில் வைத்துவிட்டால் போதும், எல்லா மூலைக்கும் விரலே போய்வந்தது. நாலு வரி அடிப்பதற்குள் அம்மா அதைக் கழற்றச் சொல்லி பூஜைக்கு எடுத்துப் போய்விட்டாள்.

"இன்னைக்குத் தொடக்கூடாது. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம் எடுத்துக்கோ."

நாள் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், எத்தனை கட்டைகளோ அத்தனைக்கும் சந்தனம், குங்குமம். தண்ணீராகக் கரைத்த சந்தனம் உள்ளே இறங்கிவிட்டது. ஒரு கட்டையைத் தொட்டால் அதே எழுத்து திரை முழுக்க ஓடியது.

"நான் தனியா அடிச்சுடுவேன்னு உனக்குப் பொறுக்கல, இல்ல?" என்று கத்தினேன். அந்தப் பேச்சுக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அண்ணன் எந்தக் கட்டை எங்கே என்று காகிதத்தில் வரைந்துகொள்ள, அம்மா ஸ்பூன் காம்பால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, பஞ்சால் துடைத்து மாட்டினாள். பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன். நாலு மணிக்குப் பத்துப் பக்கமும் முடிந்தது. அம்மாவை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஃப்ளாப்பியை எடுத்துப் போன அண்ணன் டி.டி.பி. சென்டரிலிருந்தே போன் செய்தான்; நாளையிலிருந்து வேலை அனுப்புகிறாராம்.

அம்மா அதே நாற்காலியில்தான் இருந்தாள்.

"இனிமே கை மாத்த வேணாமில்ல?"

"வேணாம்மா."

"அப்ப நான் குளத்துப் பக்கம் கொஞ்சம் நடந்துட்டு வரட்டுமா?"

என்னிடம் அனுமதி கேட்கிறாள். "போயிட்டு வாம்மா" என்றேன்.

புடவையைச் சரிசெய்துகொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தன் செருப்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டாள்.