கடைசிக் கம்பத்துப் பல்பு

எங்கள் தெருவின் முதல் கம்பம், டிரான்ஸ்பார்மரை ஒட்டினாற்போல், என் ஓரகத்தி வீட்டு வாசலில் நிற்கிறது. கடைசிக் கம்பம் என் வாசலில். நடுவில் உள்ள வீடுகளும் கழனி மோட்டார்களும் கரண்ட்டை இழுத்தது போக மிச்சம்தான் எனக்கு வரும். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தவள் அவள். அவளுக்கு முதல் கம்பமாம். வயிறு எரியாதா?

போன மார்கழியில் இருவரும் மதுராந்தகத்தில் ஒரே கூடையிலிருந்து நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினோம். தாயில்லாத குஞ்சுக்குச் சூடு வேண்டும், அதற்கு எல்ஈடி உதவாது. செங்கல்பட்டில் ஒரே கடையில் ஆளுக்கொரு நூறு வாட்ஸ் குண்டு பல்பு வாங்கி, அட்டைப்பெட்டிக்கு மேல் தொங்கவிட்டோம்.

அவள் பெட்டியில் குஞ்சுகள் பரவி நின்று நொய் பொறுக்கின. என் பெட்டியில் பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுங்கின. அவள் பல்பில் கண் கூசியது. என்னுடையது மங்கிச் சிவந்து எரிந்தது. கடைக்காரன் அவளுக்கு மட்டும் நல்லதைக் கொடுத்துவிட்டான் என்றே நினைத்தேன். அவளுக்குத்தான் எல்லாரும் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்களே. நேராகப் போய்க் கேட்டேன்.

"பல்ப மாத்திக்கலாமா?"

"எத்துகினு போக்கா. எனுக்கு இன்னா?"

மாற்றினோம். அவள் பல்பு என் வீட்டில் சிவந்தது. என் பல்பு அவள் வீட்டில் ஜெகஜோதியாய் எரிந்தது. என் பொருளே அவளிடம் போனதும் மினுக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் என் வீட்டுக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார். "வோல்டேஜ் கம்மியா கீது. அது கால்வாசி கொறஞ்சா வெளிச்சம் பாதிக்கு மேல பூடும். சூடும் கொறையும், ஆனா அந்த அளவுக்கு இல்ல."

"அவ வூட்டு மாதிரி எரியணும்," என்றேன்.

பழைய ஸ்டெப்-அப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். குமிழைத் திருகினால் வோல்டேஜ் ஏறும். "மோட்டாருங்கோ நின்னதும் கொறச்சி வெச்சிடு," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நான் அவள் வீட்டு வெளிச்சத்தைத் தாண்டும் வரை திருகினேன். என் பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது, என் குஞ்சுகளும் பரவி நின்றன. அவள் வந்து பார்க்க மாட்டாளா என்று வாசலிலேயே நின்றேன்.

பொழுது சாய்ந்ததும் கழனி மோட்டார்கள் நின்றன, லைனில் வோல்டேஜ் ஏறியது. குமிழ் என் நினைவிலேயே இல்லை. பளீரென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான், பல்பு போய்விட்டது. வேறு வாங்க செங்கல்பட்டுக்குத்தான் ஓட வேண்டும். கீச்கீச்சென்று கத்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன்.

கீச்சொலி கேட்டதுமே அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். "உள்ள வுடுக்கா," என்று தன் பெட்டியைத் திறந்தாள். எல்லாம் கலந்துவிட்டன.

விடிந்ததும் போய்ப் பார்த்தால் ஒரு குஞ்சு விறைத்துக் கிடந்தது. யாருடையது என்று யாருக்குத் தெரியும்? நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"செத்தது என்னுதுக்கா. உன்னுது எல்லாம் நல்லா கீது."

என் கோழிகள் இப்போது முட்டையிடுகின்றன. 'செத்தது என்னுது' என்ற அந்த வார்த்தையை அவளுக்கு முந்தி நான் சொல்லியிருக்கக் கூடாதா? அவள் பல்பைப் பார்த்து எரிந்ததைவிட, இதை நினைத்தால்தான் வயிறு அதிகம் எரிகிறது.