வியாகுலம்மாள் சொன்ன பன்னிரண்டு பூ

கடலோர இனயத்து வியாகுலம்மாளுக்கு எழுத்தும் தெரியாது, கணக்கும் பத்து விரலைத் தாண்டாது. ஆனால் பன்னிரண்டு பூ விரிந்த கயிற்றுக் கம்பளத்தை முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சு வரை வாயாலேயே சொல்லி முடிப்பாள். பதினோரு வருஷம் அதுதான் அவளுடைய வேலை.

கருங்கல் போகும் சாலையோரம் ஓலைக் கொட்டகை. உள்ளே ஒற்றைத் தறி. அதன் முன்னால் பலகையில் இசபெல், பூங்கனி, நாகம்மை, ஞானசெல்வி என்று நாலு பெண்கள், ஆளுக்கு மூன்று பூ. எல்லாம் ஒரே மாதிரிப் பூ என்பதால் நாலு பேருக்கும் ஒரே சொல் போதும். "கறுப்பு ரெண்டு" என்று வியாகுலம்மாள் பின்னால் நின்று இழுப்பாள். நாலு பேரும் சாயக் கயிற்றை முடிந்துவிட்டு "ஆச்சு" என்பார்கள். "சிவப்பு அஞ்சு." "ஆச்சு." மாதா கோயிலில் பிரார்த்தனை சொல்கிற ராகம் அது. அவளுக்குத் தெரிந்த ராகமே அது ஒன்றுதான். பகவதியைக் கும்பிடும் நாகம்மையும் அதே ராகத்தில்தான் ஆச்சு போட்டாள். அதனால் எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கடற்கரையிலிருந்து கடவப் பெட்டி சுமந்து வரும் மீன்காரிகள், காலையில் அந்தக் குரல் கேட்டதும் நேரமாகிவிட்டதென்று, "சிவப்பு வந்தாச்சு, வெரசா நடங்கட்டி" என்று நடையை எட்டிப் போடுவார்கள்.

இந்த வேலையை அவள் தேடிப் போகவில்லை. 1923-இல் அவள் அந்தக் கொட்டகைக்குத் தென்னந்தும்பு விற்க வருகிறவள். ஆலப்புழையிலிருந்து வந்த மேஸ்திரி நிறம் சொல்வதை, காசு வரும்வரை வாசலில் நின்று கேட்பாள். பாதிக் கம்பளத்தில் மேஸ்திரி காய்ச்சல் கண்டு ஊருக்குப் போய்விட்டார். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, வாசலில் தும்புக் கட்டோடு நின்றவள், "அடுத்தது பச்சை மூணு" என்றாள். உடனே உள்ளே கூப்பிட்டு நிறுத்தினார்கள். கட்டை இறக்கி வைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள்.

1934-இல் முதலாளி பக்கத்திலேயே ஓடு போட்ட கொட்டகை கட்டினார். அதில் பத்துத் தறி. பத்துத் தறிக்கும் ஒரு தொண்டை எப்படிப் போதும்? பூவைக் கட்டம் போட்ட காகிதத்தில் எழுதி, தறிக்கு ஒன்றாகத் தொங்கவிடுவது என்று முடிவானது. எழுதுவதற்கு மிஷன் பள்ளியில் படித்த ரசலையன் வந்தார். சனிக்கிழமைக்குள் காகிதம் முடியாவிட்டால் ஆலப்புழையிலிருந்து காகிதத்தோடு ஆட்களும் வருவார்கள், இந்த நாலு பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றார் முதலாளி. காகிதம் முடிந்தால் யார் வெளியே போகவேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. வியாகுலம்மாளுக்கு அது சொல்லாமலே விளங்கியது. இருந்தாலும் நாலு அடுப்பு அணைவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லிக்கொடுத்துவிடுவோம் என்றுதான் போனாள்.

ரசலையன் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "கறுப்பு ரெண்டு, சிவப்பு அஞ்சு" என்று தொடங்கியவள், மூன்றாம் வரியில் நின்றுவிட்டாள். திரும்பத் தொடங்கினாள். திரும்பவும் அதே இடம். புதன் போனது, வியாழன் போனது.

"அக்கா, பதினோரு வருஷம் சொன்னது எப்பிடி மறக்கும்? உங்க வேல போயிரும்னு ஒளிச்சு வைக்கியளா?"

"அந்தோனியாராணை சாரே, ஓர்மை வரல்ல."

அவர் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. இசபெல்லே வழிமறித்து, "ஒனக்கு வேல போச்சுன்னா எங்க வயித்துலயும் அடிக்கணுமாக்கா?" என்று கேட்டுவிட்டாள். அதுதான் வியாகுலம்மாளுக்குத் தாங்கவில்லை. அவள் புருஷன் இஞ்ஞாசிக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இவளா ஒளிப்பா? எனக்குத் தெரியாம ஒரு மீன் துண்டு ஒளிச்சு வைக்கத் தெரியாது."

வெள்ளிக்கிழமை காலையில் வியாகுலம்மாள் நேராகத் தறியிடம் போனாள். அந்த வாரம் பெய்த மழையால் சாயக் கயிறு காயவில்லை என்று நாலு பேரும் சும்மா இருந்தார்கள்.

"பலகையில இரிங்கட்டி."

"கயிறு இல்லியேக்கா?" என்றாள் பூங்கனி.

"கயிறு வேண்டாம். வெறுங்கையால முடிங்க, மக்கா. எனக்கு ஆச்சு கேக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். "கறுப்பு ரெண்டு." வெறும் விரல்கள் தறியில் இழுத்துக் கட்டிய வெறும் பாவில் முடிந்தன. "ஆச்சு." "சிவப்பு அஞ்சு." "ஆச்சு." மூன்றாம் வரி தடங்கலில்லாமல் கடந்தது, நாலாவது, பத்தாவது. சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. ரசலையன் காகிதத்தோடு ஓடிவந்து தரையில் உட்கார்ந்து, "பைய, அக்கா, பைய" என்று கெஞ்சினார். அவள் பைய சொன்னால் நின்றுவிடும். ஆகவே அவர்தான் ஓடவேண்டியிருந்தது. தவறவிட்ட கட்டங்களை நிரப்ப மறுநாளும் முதலிலிருந்து சொன்னாள். சனிக்கிழமை அந்தி மணிக்கு முன்னால் பன்னிரண்டு பூவும் காகிதத்தில் இருந்தன. ரசலையன் எழுந்து, "பொறுத்துக்கிடுங்க அக்கா" என்றார். இசபெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை நாலு பெண்களும் உட்கார்ந்த தறியில் காகிதம் தொங்கியது. இரக்கப்பட்டு அவளுக்குக் கொட்டகைக்குப் பின்னால் தும்பெடுக்கத் தேங்காய் மட்டைத் தொண்டு அடிக்கும் வேலை கொடுத்தார்கள். அடிக்கும் மரக் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே சத்தமே இல்லை. பதினோரு வருஷத்தில் அவள் கேட்டறியாத அமைதி அது.

கொஞ்ச நேரம் போயிருக்கும். உள்ளே ஒரு குரல், பூங்கனியாக இருக்கவேண்டும், பழக்கத்தில் "ஆச்சு" என்றது. ஒருவரும் சொல்லாத நிறத்துக்கு. தொடர்ந்து மற்ற மூன்று குரலும், "ஆச்சு."

வியாகுலம்மாள் கொட்டாப்புளியைக் கீழே வைத்தாள். கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"பச்சை மூணு" என்றாள், தன் மடியில் கிடந்த தொண்டிடம்.

சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து வந்தது, "ஆச்சு."