யம்னா தட்டை வைத்த இடம்

என் தங்கை யம்னாவுக்கு நயமாகப் பேச வராது. மெக்னெஸ் நகரத்துச் சந்தையில் அவளிடம் புதினா வாங்க வருகிறவர் ஒரு கட்டை எடுத்து மூக்கருகே பிடித்து, "நேத்து பறிச்சதா?" என்று கேட்டால், "உங்க மூக்குக்கு நேத்து, என் கைக்கு இன்னைக்கு" என்பாள். அப்படியும் மதியத்துக்குள் அவள் கூடை காலியாகிவிடும். ஸர்ஹூன் மலைச் சரிவில் எத்தனையோ பேர் புதினா போடுகிறார்கள். கெண்டிக்குள் விழுந்ததும் கூடம் முழுக்க மணப்பது யம்னாவின் புதினாதான். அக்கா என்பதால் பெருமையடிக்கிறேன் என்று நினைப்பவர்கள் சந்தையில் எந்தத் தேநீர்க் கடைக்காரரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் அப்பா தாமி இறந்தபோது அந்தப் புதினா நிலத்தை விற்றுவிடும்படி சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்குக் கல்யாணமாகி, ஜெல்லாபா அங்கிகளுக்குக் கரை தைக்கிற வேலையோடு கீழ்த்தெருவில் இருந்தேன். தம்பி பிழைப்புக்காகத் தாஞ்சியர் போய்விட்டான். அம்மாவோடு இருந்தவள் யம்னா மட்டும்தான். "ஒரு பொண்ணு தனியா நின்னு நிலம் பார்க்க முடியுமா?" என்று கேட்டவர்களிடம், "நான் எங்க நிக்கறேன்? குனிஞ்சுதான் வேலை செய்யறேன்" என்றாள். மூன்று வருடத்தில் அப்பா காலத்தில் இருந்ததைவிட நிலம் செழித்தது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்து, ஊற்றிலிருந்து எங்கள் நிலத்துக்கு வரும் வாய்க்கால் மூடிப்போனது. பாறை பாறையாக விழுந்த இடத்தை யாராலும் தோண்ட முடியவில்லை. புது வாய்க்கால் வெட்ட ஒரே ஒரு வழி இருந்தது. அது ஹாஜி புஷ்தாவின் ஒலிவத் தோப்பு வழியாகப் போனது.

ஹாஜி புஷ்தாவோ எங்கள் வீட்டுத் தேநீரைத் தொடமாட்டேன் என்று ஆணையிட்டவர்.

அந்த ஆணையின் கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான். தம்பியின் சுன்னத் விருந்து. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எந்த விருந்தானாலும் தேநீர்த் தட்டை யாரும் கேட்காமலே புஷ்தாவின் முன்னால்தான் வைப்பார்கள். அவரைப் போலத் தேநீர் போட இந்தச் சரிவிலேயே ஆள் கிடையாது. அவர் ஊற்றினால் குவளையில் நுரை தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் அப்பாவுக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன் மாதிரி. நாங்கள் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் அன்றைக்கு மெக்னெஸிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். அவரைக் குளிர்விக்க நினைத்த அப்பா, சட்டையின் கையை மடித்துத் தயாராக உட்கார்ந்திருந்த புஷ்தாவைத் தாண்டிப் போய், தட்டை அதிகாரியின் முன்னால் வைத்தார்.

அதிகாரி தேயிலையைக் கழுவக்கூட இல்லை. பச்சை ஒலிவக் காயை அரைத்துக் கலக்கியது போல ஒரு தேநீர் வந்தது. அத்தனை பேரும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். புஷ்தா மட்டும் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"தாமி, என்னைத் தாண்டிப் போயிட்ட."

"என் வீட்டுத் தட்டை யார் முன்னாடி வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்படியா? அல்லாஹ் மேல ஆணை, இந்த வீட்டு டீ ஒரு சொட்டுகூட இனி என் தொண்டையில இறங்காது."

அன்று முதல் அப்பா இறக்கும்வரை அவர் எங்கள் வாசல்படி ஏறவில்லை. அப்பாவின் மையித்து அடக்கத்துக்கு வந்தார். தோள் கொடுத்தார். வழக்கப்படி நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்புகளைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் வந்தபோது மட்டும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். அவர் கண் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

வாய்க்கால் மூடியதும் யம்னா நேரே அவருடைய எண்ணெய்ச் செக்குக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"தண்ணி தரமாட்டேன்னு நான் சொல்லலையே, பொண்ணே" என்றார் அவர். "ஆனா பேச்சு எங்க முடியணும்? கேக்கறவங்க வீட்ல, ஒரே கெண்டி டீயில. டீ குடிக்காம முடிஞ்ச பேச்சை என் பேரன்மார் நாளைக்கு மதிப்பாங்களா? மண்ணைப் போட்டு மூடிட்டு, 'எங்க தாத்தா எப்பக் குடிச்சாரு?'ம்பாங்க."

"அப்ப வந்து குடிங்க, பெரியப்பா."

"ஆணை போட்டிருக்கேன்."

"வாபஸ் வாங்குங்க."

"கத்தரிக்காயா, வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுக்க?"

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் ஊரில் கழுதை விற்றாலும் பெண் கொடுத்தாலும் தண்ணீர் பங்கிட்டாலும், இரண்டு தரப்பும் ஒரே கெண்டியில் குடித்தால்தான் அது முடிந்த பேச்சு. தன் ஆணையில் அவரே மாட்டிக்கொண்டிருந்தார். எங்களுடைய புதினாவும் அதில் மாட்டிக்கொண்டு காய்ந்தது. யம்னா குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் ஓர வரிசைகள் பழுத்துவிட்டன. இன்னும் கொஞ்ச நாள் போனால் வேர் செத்துவிடும். நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஒரு தரகன் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தான்.

ஒரு நாள் யம்னா அம்மாவிடம், "வர்ற வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரியவங்களைக் குஸ்குஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம். ஹாஜியையும்தான்" என்றாள்.

"அவர் வருவாரா?"

"குஸ்குஸ் மேல ஆணை போடலையே."

வந்தார். ஊரே கூடுகிற விருந்தை மறுப்பது மரியாதை இல்லை என்பதால் வந்தார். ஜும்ஆ தொழுகை முடிந்து வெள்ளை ஜெல்லாபாவோடு நுழைந்து, அப்பா எப்போதும் உட்காரும் இடத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். குஸ்குஸை நன்றாகவே சாப்பிட்டார். பூசணித் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்ததை அடுக்களைக் கதவோரம் நின்று பார்த்த அம்மா, "பழைய நாக்கு மாறலை" என்று முணுமுணுத்தாள்.

தட்டுகளை எடுத்துக் கை கழுவத் தண்ணீர் ஊற்றியாயிற்று. இனித் தேநீர். தேநீர் வந்ததும் அவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். பேச்சு அத்தோடு அறுந்துவிடும். இமாம் ஸி அல்லால் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். என் கணவர் சட்டையின் கையை மடித்தார். வீட்டில் வேறு ஆண் இல்லாததால் அவர்தான் தேநீர் போடுவார் என்று பேச்சு.

யம்னா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளிக் கெண்டி, குவளைகள், தேயிலை, சர்க்கரைக் கூம்பு, பித்தளைச் சுத்தி, அன்று காலையில் மிஞ்சிய நல்ல செடிகளிலிருந்து கிள்ளிய ஒரு கட்டு புதினா. என் கணவரைத் தாண்டினாள். இமாமைத் தாண்டினாள். ஹாஜி புஷ்தாவின் முன்னால் மண்டியிட்டு, சத்தம் வராமல் தட்டை வைத்தாள்.

அவர் அந்தத் தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டால் போதும். நிலமும் போகும், மானமும் போகும்.

"என்ன பண்றே, பொண்ணே? இந்த வீட்டு டீயை நான் குடிக்கமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும், பெரியப்பா. குடிங்கன்னு நான் சொல்லலையே. போடுங்கன்னுதான் சொல்றேன். இந்த ஊர்ல நல்ல டீ போடறவர் உக்காந்திருக்கும்போது தட்டை வேற யார் முன்னாடி வைக்கறது?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய பழைய கூட்டாளி மஹ்ஜூபுக்கு வாய் சும்மா இருக்காது.

"கை நடுங்குதுன்னா சொல்லு, புஷ்தா. நான் போடறேன். கழுதைக்குத் தண்ணி காட்டற மாதிரி காட்டிடறேன்."

"நீ காட்டினா கழுதைகூடத் திரும்பிக்கும்" என்றார் ஹாஜி. சொல்லிவிட்டு, மெதுவாக, ஜெல்லாபாவின் வலது கையை மடித்தார். பிறகு இடது கையை.

அந்தத் தேநீரை அவர் போட்ட விதத்தை நான் ஒன்று விடாமல் பார்த்தேன். தேயிலையைக் கெண்டியில் போட்டுக் கொஞ்சம் கொதிநீர் விட்டு, சுழற்றி, அந்த முதல் தண்ணீரைப் பத்திரமாக ஒரு குவளையில் எடுத்து வைத்தார். தேயிலையின் உயிர் அதில்தான். இரண்டாவது தண்ணீரில் கசப்பைக் கழுவிக் கொட்டினார். எடுத்து வைத்ததைத் திருப்பி ஊற்றி, கொதிநீர் நிரப்பி, கரியடுப்பில் ஏற்றினார். பொங்கி வந்ததும் இறக்கினார். சுத்தியால் கூம்பை ஒரே அடியில் உடைத்தார். புதினாவை எடுத்தவர் உடனே போடவில்லை. மூக்கருகே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"இது தாமியோட நிலத்துப் புதினாவா?"

"ஆமா, பெரியப்பா. தண்ணி இல்லாத புதினா."

"தண்ணி இல்லாமலே இப்படியா?"

புதினாவை உள்ளே அமுக்கி, அது மேலே மிதக்காதபடி சர்க்கரைக் கட்டிகளை அதன்மேல் வைத்தார். ஒரு குவளை ஊற்றினார், கெண்டிக்கே திருப்பினார். மறுபடி ஊற்றினார், திருப்பினார். பிறகு ஒரு குவளையின் அடியில் கொஞ்சம் ஊற்றிக் கையில் எடுத்தார். அங்கேயே அவர் கை நின்றது.

தட்டு யார் முன்னால் இருக்கிறதோ அவர் ருசி பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும். இதை எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ருசி பார்க்காமல் ஊற்றினால் அவர் இத்தனை காலம் சேர்த்த பெயர் போய்விடும்.

குவளையை இமாமிடம் நீட்டினார். "ஸி அல்லால், நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

"நானா? தட்டு என் முன்னாடியா இருக்கு?"

"மஹ்ஜூப், நீ?"

"எனக்குச் சர்க்கரை வியாதி. என் நாக்கை நம்பினா எல்லாரும் பாகுதான் குடிக்கணும்."

சிலர் சிரித்தார்கள். ஹாஜி சிரிக்கவில்லை. யம்னாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் எதிரில் காலியாக இருந்த அப்பாவின் இடத்தைப் பார்த்தார்.

"பிஸ்மில்லாஹ்" என்றார். சத்தமாக உறிஞ்சிக் குடித்தார்.

கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்திருந்தார். விழுங்கினார். எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்தோம்.

"சர்க்கரை கொஞ்சம் பத்தலை" என்றார். "தாமிக்கு நல்லா இனிக்கணும்." இன்னொரு கட்டியை எடுத்துக் கெண்டியில் போட்டார். பிறகு கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி ஊற்றினார். கெண்டியின் மூக்கிலிருந்து குவளைவரை ஒரு நூல் இறங்கியது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. நுரை எழுந்து தலைப்பாகை கட்டியது.

அடுக்களையில் அம்மாதான் முதலில் குலவையிட்டாள். அப்புறம் நான். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்கள், கூரை மேலிருந்து, என்ன விஷயம் என்றே தெரியாமல்.

"குடிச்சாச்சு" என்றார் ஹாஜி, ஒரு முழுக் குவளையைக் காலி செய்து வைத்து. "வாய்க்கால் என் தோப்பு வழியா போகட்டும். அந்தப் பெரிய மரத்தோட வேரை மட்டும் வெட்டிடாதீங்க. ஸி அல்லால், ஆணையை முறிச்சதுக்கு மூணு நாள் நோன்பு வச்சிடறேன்."

"செக்கு வச்சிருக்கிறவருக்கு நோன்பா?" என்றார் இமாம். "வசதி இல்லாதவனுக்குத்தான் நோன்பு. நீங்க பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடணும்."

"பார்த்தியா, யம்னா? உன்னால எனக்கு ஒரு ஆடு செலவு."

"கணக்குப் பார்க்காதீங்க, பெரியப்பா. அன்னைக்கு டீக்குப் புதினா என்னோடது."

ஊரில் சிலர் இதைச் சூழ்ச்சி என்கிறார்கள். நான் யம்னாவிடம் ஒருமுறை கேட்டேன். "என்ன சூழ்ச்சி, அக்கா? தட்டு எங்க போகணுமோ அங்க போச்சு. அவர் வேணாம்னா தள்ளியிருக்கலாம். கையை மடிச்சப்பவே ருசி பார்க்கணும்னு அவருக்குத் தெரியாதா என்ன?" என்றாள். நானும் பிறகு யோசித்துப் பார்த்தேன். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வாய்க்கால் வெட்ட ஊரே வந்தது. பெரிய மரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனது. முதல் தண்ணீர் காய்ந்த இலையையும் சருகையும் தள்ளிக்கொண்டு எங்கள் நிலத்தில் நுழைந்தபோது, யம்னா செருப்போடு அதற்குள் இறங்கி நின்றாள். தரகன் அந்த வாரமும் வந்தான். "என்ன விலை சொல்றீங்க?" என்றான். "கட்டு ரெண்டு திர்ஹம். எத்தனை கட்டு வேணும்?" என்றாள்.

ஹாஜி புஷ்தா ஏழைகளுக்குச் சாப்பாடு போட்ட நாளில் எங்கள் குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார். ஆடு அறுத்து, கொடிமுந்திரி போட்டுச் சமைத்த கறி. பத்துப் பேர் என்று சொன்னாலும் அரை ஊர் இருந்தது. சாப்பாடு முடிந்ததும் பெரிய தட்டு வந்தது. எல்லாரும் அது ஹாஜியின் முன்னால் வைக்கப்படும் என்று காத்திருந்தார்கள். அவர் தானே எழுந்து, தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆண்களின் வரிசையை முழுக்கக் கடந்து வந்தார். வாசலோரம் பெண்களோடு நின்றிருந்த யம்னாவைக் கூடத்துக்குள் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, அவள் முன்னால் தட்டை வைத்தார்.

"என்ன ஹாஜி இது? இத்தனை ஆம்பளைங்க இருக்கோம்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்.

ஹாஜி திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் அப்பாவின் குரலையே வைத்துக்கொண்டு பேசுவது போல நிதானமாகச் சொன்னார்:

"என் வீட்டுத் தட்டை யார் முன்னாடி வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

என் தங்கை சட்டையின் இரண்டு கைகளையும் மடித்துவிட்டுக்கொண்டாள். தேயிலையைக் கழுவினாள், புதினாவை அமுக்கினாள், ருசி பார்த்தாள், எழுந்து நின்று தோள் உயரத்திலிருந்து ஊற்றினாள். முதல் குவளை ஹாஜிக்கு. அவர் சத்தமாக உறிஞ்சினார். அரை ஊரும் அவர் வாயைப் பார்த்தது.

சர்க்கரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஊற்றும்படி குவளையைத் திரும்ப நீட்டினார்.